மனிதப் பிரக்ஞை எப்படி உருவானது, பண்பாட்டுக்கு அதில் என்ன பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிணாமம், மூளை, மனம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களுக்கு அடியில் என் நிலைப்பாடு ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரக்ஞைக்கான திறன் உடம்போடு வருகிறது. ஆனால் ‘நான்’ என்று சொல்லி, நேற்றை நினைத்து, அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கிற மனித மனம், ஒவ்வொரு குழந்தையிடமும் சுற்றியிருப்பவர்களால் புதிதாக உருவாக்கப்படுகிறது. சுற்றியிருப்பவர்கள் கைக்கெட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் கீழே பார்க்கலாம்.

பிரக்ஞை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு தனித்தனி விஷயங்களுக்கு இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஒன்று, உணர்தல்: பல் வலிக்கிறது, மிளகாய் காரமாக இருக்கிறது, வானம் நீலமாகத் தெரிகிறது. இன்னொன்று, உணர்வதை அறிதல்: ‘எனக்குத்தான் வலிக்கிறது, போன மாதமும் வலித்தது, மருத்துவரிடம் போனால் என்ன சொல்வாரோ’ என்று தன்னையே ஒரு கதையின் நடுவில் வைத்துப் பார்ப்பது.

நரம்புகளில் ஓடும் மின்துடிப்பு ஏன் வலியாக உணரப்பட வேண்டும் என்ற முதல் கேள்விக்கு இன்றுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இல்லை. 1995இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் அதைக் ‘கடினமான சிக்கல்’ என்று பெயரிட்டு எழுதினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. அங்கேதான் பண்பாட்டின் கை தெரிகிறது, சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது.

விலங்குகளுக்குப் பிரக்ஞை உண்டா? ஆறாம் அறிவு மனிதருக்கு மட்டும்தானே?

முதல் பொருளில் உண்டு என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியலாளர்கள், பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் ஆக்டோபசுக்கும் பிரக்ஞைக்கு வேண்டிய நரம்பமைப்பு இருக்கிறது என்று அறிவித்தார்கள். 2024இல் வெளியான நியூயார்க் அறிவிப்பு இன்னும் ஒரு படி போய், பூச்சிகள், நண்டு இறால் வகைகள் விஷயத்திலும் அந்தச் சாத்தியத்தைத் தள்ளிவிட முடியாது என்றது.

தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்துவதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ‘மக்கள் தாமே ஆறறி வுயிரே’ என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த அடி ‘பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்கிறது. அந்தக் கிளையில் வேறு உயிர்களும் உண்டு என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அந்த நூற்பா முடிகிறது.

இரண்டாவது பொருளுக்குப் புகழ்பெற்ற சோதனை கண்ணாடி. 1970இல் கார்டன் கேலப், சிம்பன்சிகளுக்குத் தெரியாமல் அவற்றின் முகத்தில் சாயம் பூசிக் கண்ணாடி முன் விட்டார். அவை தம் முகத்தையே தொட்டுப் பார்த்தன. பிறகு ஆசிய யானை ஒன்றும், மேக்பை என்ற காக்கைக் குடும்பத்துப் பறவையும், ஒரு சிறு மீன் இனமும்கூட இதில் தேறின. மனிதக் குழந்தைகள் ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் தேறிவிடுவார்கள் என்று பாடநூல்கள் சொல்லும். அது மேற்கத்தியக் குழந்தைகளின் கணக்கு. கென்யாவில் ஒன்றரை முதல் ஆறு வயது வரையிலான 82 குழந்தைகளின் நெற்றியில் காகிதத் துண்டை ஒட்டிச் சோதித்தபோது இருவர்தான் அதை எடுத்தார்கள். மற்றவர்கள் கண்ணாடியைப் பார்த்தபடி உறைந்து நின்றார்கள். தன்னை அடையாளம் தெரியாமல் இல்லை; பெரியவர் ஒட்டியதைத் தானாக எடுக்கலாமா என்ற தயக்கம் என்பதே பொருத்தமான விளக்கம். ‘நான் என் முகத்தை என்ன செய்யலாம்’ என்பதில்கூட வளர்ப்பு நுழைந்துவிடுகிறது.

மூளை பெரிதானதுதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

ஒரு பகுதிக் காரணம். நம் தொலைதூர முன்னோர் வகையான ஆஸ்ட்ரலோபித்தகஸ் இனங்களின் மூளை ஏறக்குறைய 400 முதல் 500 கன சென்டிமீட்டர். நம்முடையது சராசரியாக 1,350. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள இந்த உறுப்பு, நாம் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. சமைத்த உணவு இல்லாமல் இவ்வளவு செலவைத் தாங்கியிருக்க முடியாது என்பது மானிடவியலாளர் ரிச்சர்ட் ராங்கமின் வாதம். அப்படியானால் அடுப்பு என்ற பண்பாட்டுப் பழக்கம் மூளைக்குத் தீனி போட்டிருக்கிறது. ஆனால் சமையல் எப்போது தொடங்கியது என்பதில் சண்டை ஓயவில்லை.

அளவு மட்டும் விடையாகாது என்பதற்கு, மறைந்துபோன நம் நெருங்கிய உறவு மனிதர்களான நியாண்டர்தால்களே சாட்சி. அவர்களின் மூளை நம்முடையதைவிடச் சிறியதல்ல. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளின்படி நம் இனம் சுமார் 3 லட்சம் ஆண்டுகளாக இருக்கிறது. அதில் பெரும்பகுதிக் காலம் ஓவியம் இல்லை, எழுத்து இல்லை, பயிர் இல்லை.

எனக்கு அளவைவிட முக்கியமாகப் படுவது, அந்த மூளை எங்கே வளர்கிறது என்பது. பிறக்கும்போது மனிதக் குழந்தையின் மூளை, முழு வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. மீதி வளர்ச்சி தாலாட்டுக்கும் திட்டுக்கும் கதைக்கும் நடுவே, பலபேர் கையில் நடக்கிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 106 சிம்பன்சிகளுக்கும் 32 ஒராங்குட்டான்களுக்கும் இரண்டரை வயதுக் குழந்தைகள் 105 பேருக்கும் ஒரே சோதனைத் தொகுப்பு கொடுக்கப்பட்டது. ஒளித்த பொருளைத் தேடுவது, அளவை ஒப்பிடுவது, குச்சியால் எட்டி எடுப்பது போன்றவற்றில் குழந்தைகளும் சிம்பன்சிகளும் ஏறக்குறைய சமம். ஒருவர் செய்து காட்டியதைப் பார்த்துக் கற்பதிலும், ஒருவரின் நோக்கத்தைப் புரிந்துகொள்வதிலும் குழந்தைகள் வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள். இரண்டரை வயதில் நம்முடைய தனித்திறன், மற்றவரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் திறன்தான்.

பண்பாடு என்றால் கலை, திருவிழா, உடை இவைதானே?

இந்தத் துறையில் அர்த்தம் இன்னும் விரிவானது. மரபணு வழியாக வராமல், ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கற்று, தலைமுறை தாண்டிப் போகும் எல்லாமே பண்பாடுதான். அந்தப் பொருளில் விலங்குகளுக்கும் உண்டு. 1953இல் ஜப்பானின் கோஷிமா தீவில் ஒரு குட்டிப் பெண்குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்றது; கூட்டம் அதைப் பழகிக்கொண்டது. மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சிகள் சில, கல்லால் கொட்டை உடைக்கின்றன. வேறு காடுகளில் கொட்டையும் கல்லும் இருந்தும் உடைப்பதில்லை.

நம் பண்பாடு சேர்ந்துகொண்டே போகிறது என்பதே வித்தியாசம். உளவியலாளர் மைக்கேல் டொமசெல்லோ இதைப் பின்னால் சரியாத பற்சக்கரத்துக்கு ஒப்பிட்டார்: ஒரு தலைமுறை எட்டிய இடத்திலிருந்து அடுத்தது தொடங்குகிறது.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குழுவினரும் தோண்டி எடுத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழையவை. நம் இனமே தோன்றாத காலம் அது. ஒரு கூழாங்கல்லை இரண்டு பக்கமும் செதுக்கி, சமச்சீராக்கி, விளிம்பைக் கூராக்குவதற்கு எத்தனையோ அடிகள் தேவை. ஓர் அடி தவறினால் கல் உடையும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல், ஒருவர் காட்டிக்கொடுக்காமல் அந்த வடிவம் அத்தனை லட்சம் ஆண்டுகள் தொடர்ந்திருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். மொழி இருந்ததோ இல்லையோ, குரு சிஷ்ய உறவு போன்ற ஒன்று அப்போதே இருந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இன்று நமக்கு இருப்பது போன்ற மனம் எப்போது வந்தது?

ஒரு தேதி சொல்ல முடியாது. 40,000 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் திடீரென்று மனித மனம் விழித்துக்கொண்டது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். குகை ஓவியங்களும் யானைத்தந்தச் சிற்பங்களும் முதலில் அங்கே கிடைத்ததால் வந்த மயக்கம் அது. ஆப்பிரிக்காவில் தோண்டத் தோண்ட அந்தக் கதை கலைந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் பிளோம்போஸ் குகையில் கட்டம் கட்டமாகக் கீறிய காவிக்கல்லும் துளையிட்ட சிப்பி மணிகளும் கிடைத்தன. அவற்றின் வயது ஏறக்குறைய 75,000 ஆண்டுகள். அதே குகையில் காவிச் சாயம் குழைத்த கடற்சிப்பிகள் ஒரு லட்சம் ஆண்டுப் பழையவை. மொராக்கோவின் பிஸ்மூன் குகை மணிகள் 1,42,000 ஆண்டுகளையும் தாண்டுகின்றன. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு பன்றியையும் அதைச் சுற்றி மனித உருவங்களையும் காட்டும் ஓவியத்துக்கு, 2024இல் குறைந்தது 51,200 ஆண்டு வயது கணக்கிட்டார்கள்.

இவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது மணிமாலைதான். கோடரி வேலைக்கு உதவும், நெருப்பு குளிருக்கு உதவும். மணிமாலை எதற்கு? பிறர் பார்க்க. ‘என்னைப் பார்க்கிறவர் இதைப் பார்த்து என்னை இன்னார் என்று எண்ணுவார்’ என்று எண்ணத் தெரிந்தவருக்கே அது தேவைப்படும். அடுத்தவர் கண் வழியாகத் தன்னைப் பார்க்கும் அந்தப் பழக்கமே தன்னுணர்வின் முக்கால்வாசி என்று சொல்வேன்.

3,000 ஆண்டுகளுக்கு முன்வரை மனிதருக்குத் தன்னுணர்வே இல்லை என்று ஒரு கோட்பாடு உண்டாமே?

அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஜேன்ஸ் 1976இல் முன்வைத்தது. பழைய மனிதர்கள் தம் மனக்குரலைத் தெய்வக் குரலாகக் கேட்டுக் கீழ்ப்படிந்தார்கள் என்றார். சுவையான யோசனை, ஆனால் நிற்காது. ஆஸ்திரேலியாவின் தொல்குடிகள் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்து, பெரும்பாலும் தனித்து வாழ்ந்தவர்கள். அவர்களின் மனமும் நம் மனம் போலவேதான் நினைக்கிறது, வெட்கப்படுகிறது, திட்டமிடுகிறது, கதை சொல்கிறது. அப்படியானால் அந்தத் திறன் நாம் பிரிந்து போவதற்கு முன்பே நம்மிடம் இருந்திருக்க வேண்டும்.

மொழி இல்லாமல் சிந்திக்க முடியுமா?

முடியும். பேசத் தொடங்காத குழந்தை சிந்திக்கிறது; பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்கள் பலர் சதுரங்கம் ஆடுகிறார்கள், கணக்குப் போடுகிறார்கள். ஆனால் மொழியே கைக்கெட்டாமல் வளர்ந்தால் மனதின் எந்தப் பகுதி வாடும்? இதற்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் நிகராகுவா நாட்டிலிருந்து வந்தது. இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1970களின் பிற்பகுதி வரை அந்த நாட்டில் காது கேளாத குழந்தைகள் அவரவர் வீட்டில் தனித்தனியாகக் கிடந்தார்கள். பசி, தூக்கம், வா, போ என்று வீட்டாரோடு பழகிய சில சைகைகளே அவர்களுடைய உலகம். 1977இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளி தொடங்கியது. 1979 புரட்சிக்குப் பிறகு சேர்க்கை பெருகியது. ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிய எழுத்துகளையும் கற்பிக்க முயன்றார்கள்; பெரிதாகப் பலிக்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து தாங்களே பேச ஆரம்பித்தார்கள். 1986இல் அங்கே போன மொழியியலாளர் ஜூடி கெகல் கண்டது, பிறந்து சில ஆண்டுகளே ஆன ஒரு மொழியை. யாரும் கற்பிக்காத மொழி. பிறகு வந்து சேர்ந்த சின்னக் குழந்தைகள், மூத்தவர்களிடம் கண்ட கரடுமுரடான சைகைகளை வாங்கி, இலக்கணம் உள்ள முழு மொழியாக்கிவிட்டார்கள். இளைய தலைமுறையின் கைகள் மூத்தவர்களைவிட வேகமாகவும் நுட்பமாகவும் பேசின.

ஜெனி பையர்ஸும் ஆன் செங்காஸும் அங்கே செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு மனதைப் பற்றியது. ஒருவன் பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது இன்னொருவன் அதை இடம் மாற்றிவிடுகிறான். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? அவனுக்கு உண்மை தெரியாது, ஆகையால் பழைய இடத்தில்தான் தேடுவான். ஒருவர் மனதில் இருப்பது உலகத்தில் இருப்பதிலிருந்து வேறுபடலாம் என்று தெரிந்தால்தான் இதற்கு விடை வரும். பேச்சுச் சூழலில் வளரும் குழந்தைகள் நான்கைந்து வயதில் சொல்லிவிடுவார்கள். படங்களைக் கொண்டு, மொழிக்கு அதிகம் வேலை வைக்காமல் நிகராகுவாவில் கேட்டபோது இளைய தலைமுறை எளிதாகச் சொன்னது. முதல் தலைமுறையினர், இருபது வயதைக் கடந்தவர்கள், வேலை செய்து பிழைத்தவர்கள், பலர் தடுமாறினார்கள். ‘நினைக்கிறான்’, ‘அறியான்’ போன்ற சைகைகள் அவர்களுடைய பேச்சில் மிகவும் குறைவாக இருந்தன.

இரண்டாண்டு கழித்து அதே ஆட்களைப் பார்த்தார்கள். இதற்குள் அவர்கள் இளையவர்களோடு அதிகம் பழகி, மனதைக் குறிக்கும் சைகைகளைக் கற்றிருந்தார்கள். இப்போது அந்தச் சோதனையிலும் முன்னேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், மொத்தமாக இருபது பேர்கூட இல்லை. ஆனாலும் இதைப் படித்த நாளிலிருந்து என்னால் கடந்துபோக முடியவில்லை. அவர்களுடைய மூளையில் எந்தக் குறையும் இல்லை. ‘அவன் அப்படி நினைச்சுக்கிட்டான்’ என்று சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆள் கிடைத்ததும், அந்த வயதிலும் மனம் விரிந்தது.

நாம் எல்லோரும் ஒரே உலகத்தைத்தான் பார்க்கிறோமா?

கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒன்றுதான். கவனம் எதில் பதிகிறது என்பது மாறுகிறது. 1901–02இல் நீலகிரிக்கு வந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், தோடர்களிடம் கண்மயக்கப் படங்களைக் காட்டிச் சோதித்தார். இரு முனையிலும் அம்புக்குறி போட்ட இரண்டு சம கோடுகளில், குறி உள்நோக்கி இருந்தால் ஒன்று நீளமாகவும் வெளிநோக்கி இருந்தால் மற்றது குட்டையாகவும் தெரியுமே, அந்தப் படத்தில் தோடர்கள் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். நெடுக்குக் கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தோன்றும் இன்னொரு படத்தில் அதிகமாக ஏமாந்தார்கள். நேர்க்கோடும் மூலையுமாக உள்ள கட்டடங்களுக்குள் வளர்வதுதான் முதல் மயக்கத்துக்குக் காரணம் என்று பிறகு சொன்னார்கள். அந்த விளக்கத்தை இப்போது மறுக்கிறவர்களும் உண்டு. ‘இவர் அறிவில் உயர்ந்தவர், அவர் தாழ்ந்தவர்’ என்று பேசிய அந்தக் காலத்துக்கு, இரண்டு பக்கமும் சாய்ந்த இந்த முடிவு நல்ல பதில்.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. ‘கொஞ்சம் கிழக்கால நகர்ந்து உட்காரு’, ‘தண்ணிச் செம்பு தெக்கால இருக்கு பாரு’ என்று ஊர்ப்புறத்தில் சொல்வார்கள். நகரத்தில் ‘இடது பக்கம்’ என்போம். 1990களில் மதுரை வட்டாரத்தில் எரிக் பெடர்சன் இதை ஆராய்ந்தார். மேசையில் பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளைத் திருப்பி நிறுத்தி, மற்றொரு மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வது இவ்வகை ஆய்வுகளின் முறை. திசை சொல்லிப் பழகியவர்கள் வடக்கில் இருந்ததை வடக்கிலேயே வைத்தார்கள். இடம் வலம் சொல்லிப் பழகியவர்கள் தம் உடம்பை வைத்து அடுக்கினார்கள். இரண்டு தரப்பும் பேசுவது ஒரே தமிழ்தான் என்பதைக் கவனியுங்கள். அகராதியும் இலக்கணமும் மாறவில்லை. ஒரு சமூகம் அன்றாடம் எதைச் சொல்லிப் பழகுகிறது என்பதே மாறியது.

என் முதல் நினைவு என்னுடையதுதானே? அதிலுமா பண்பாடு?

அதிலும்தான். நியூசிலாந்தில் பெரியவர்களிடம் மிகப் பழைய நினைவைக் கேட்டபோது, மாவோரிகளுக்கு அது சராசரியாக இரண்டே முக்கால் வயதையொட்டியும், ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மூன்றரையை ஒட்டியும், ஆசிய வம்சாவளியினருக்கு ஐந்து வயதை நெருங்கியும் இருந்தது. மாவோரிப் பண்பாட்டில் முன்னோர் கதைக்கும் நடந்ததைச் சொல்வதற்கும் பெரிய இடம் உண்டு. ‘அன்னிக்கு மாமா வீட்டுக்குப் போனோமே, அப்புறம் என்ன ஆச்சு? நீ ஏன் அழுதே?’ என்று விவரமாகக் கேட்கும் தாய்மார்களின் குழந்தைகள் பழைய சம்பவங்களை அதிகம் நினைவு வைத்திருக்கிறார்கள் என்று வேறு பல ஆய்வுகளும் காட்டுகின்றன.

எழுத்தறிவு மனதை மாற்றுமா?

மூளையை மாற்றுகிறது, சந்தேகமில்லை. எழுத்து தோன்றி 5,000 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். வாசிப்புக்கென்று மூளையில் தனிப்பகுதி பரிணமிக்க அது போதாது. வேறு உருவங்களை அடையாளம் காண இருந்த இடப்பக்கப் பகுதி ஒன்றை வாசிப்பு தனக்கு எடுத்துக்கொள்கிறது. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும், பெரியவரான பின் எழுத்துக் கற்றவர்களிடமும் இந்த மாற்றத்தை ஸ்தானிஸ்லாஸ் டெஹேனின் குழு 2010இல் காட்டியது.

சிந்தனையை மாற்றுமா என்பது சிக்கலானது. 1930களின் தொடக்கத்தில் உஸ்பெக்கிஸ்தான் சென்ற சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளிடம் கேட்டார்: வடக்கே பனி பெய்யும் இடத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை, நோவாயா செம்லியா வடக்கே இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம்? நான் கறுப்புக் கரடிதான் பார்த்திருக்கிறேன், பார்க்காததைப் பற்றிப் பேச மாட்டோம் என்ற பாணியில் பதில் வந்தது. இதைத் தர்க்கம் தெரியாமை என்று படிப்பது அநியாயம். கண்ணால் கண்டதை மட்டுமே சொல்வது என்பது ஒரு கண்ணியம். கேட்டவர் சொன்ன முன்னுரையை அப்படியே ஏற்றுக்கொண்டு பதில் சொல்வது பள்ளிக்கூடம் பழக்குகிற விளையாட்டு. லைபீரியாவின் ‘வாய்’ (Vai) என்ற இனத்து மக்கள் பள்ளிக்குப் போகாமலே தங்கள் சொந்த எழுத்தைக் கற்பவர்கள். அவர்களிடம் ஆராய்ந்த சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் 1981இல் இதையே உறுதி செய்தார்கள்: இந்த மாற்றம் எழுத்தால் வருவதைவிடப் பள்ளிப் பழக்கத்தால்தான் வருகிறது.

ஸ்ரீ அரவிந்தர் சொன்ன பிரக்ஞைப் பரிணாமமும் இதுவும் ஒன்றா?

இல்லை. 1910 முதல் 1950இல் மறையும்வரை புதுச்சேரியில் வாழ்ந்த அவர், ஜடம், உயிர், மனம் என்ற வரிசைக்கு மேல் இன்னும் உயர்ந்த நிலை இருப்பதாகவும் பரிணாமம் அதை நோக்கிப் போவதாகவும் கருதினார். அது ஆன்மிகப் பார்வை. உயிரியல் பரிணாமத்துக்குப் போக வேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது. இரண்டையும் அததன் இடத்தில் வைத்துப் படிப்பதே இரண்டுக்கும் மரியாதை.

எங்கள் குழந்தைக்குக் காது கேட்கவில்லை. சைகை பழக்கினால் பேச்சு வராது என்கிறார்கள். என்ன செய்வது?

மேலே சொன்ன அத்தனையும் இந்தக் கேள்விக்குத்தான் உதவ வேண்டும். அந்த அச்சம் பழையது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகை மொழியை ஒதுக்கத் தீர்மானித்தது. பல தலைமுறைக் குழந்தைகளின் கைகள் அதனால் கட்டப்பட்டன. அந்தத் தீர்மானத்தை அதே மாநாட்டு வரிசையின் 2010 வான்கூவர் கூட்டம் வெளிப்படையாக நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

உட்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையோ காதொலிக் கருவியோ மருத்துவர் சொன்னால் தாமதிக்காமல் செய்யுங்கள். அதற்காகச் சைகையை நிறுத்த வேண்டாம். அறுவை சிகிச்சைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் போகும் மாதங்களில் குழந்தையின் மனம் காத்திருக்காது. பெற்றோரும் காது கேளாதவர்களாக இருந்து, வீட்டில் சைகை மொழி புழங்கும் குழந்தைகள், அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வதில் கேட்கும் குழந்தைகளுக்குப் பின்தங்குவதில்லை. கேட்கும் பெற்றோருக்குப் பிறந்து, மொழி தாமதமாகக் கிடைத்த குழந்தைகளே பின்தங்குகிறார்கள்.

2015இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட காணொளி அகராதி வெளியிட்டிருக்கிறது. வீட்டில் எல்லோரும் அதிலிருந்து தொடங்கலாம். ‘சாப்பிடு’, ‘தூங்கு’ என்பதோடு நின்றுவிடாதீர்கள். பாட்டி ஏன் கோபித்துக்கொண்டாள், அண்ணன் எதை மறந்துவிட்டுத் தேடுகிறான், நாளைக்கு யார் வருவார்கள் என்பதையும் சொல்லுங்கள். பக்கத்து ஊரில் காது கேளாதோர் சங்கம் இருந்தால் குழந்தையை அங்கே அடிக்கடி கூட்டிப் போங்கள். சைகை மொழியில் சரளமாகப் பேசும் பெரியவர்களும் மற்றக் குழந்தைகளும் அங்கே இருப்பார்கள். நீங்கள் தடுமாறிக் கற்கும் ஆரம்ப மாதங்களில் அவர்களிடமிருந்து உங்கள் குழந்தை முழு மொழியாகவே வாங்கிக்கொள்ளும்.